கராஜ் வீட்டுச் சம்மந்தி

எங்கள் மருமகள் ஒரு வாழை மரம். பெயர் கதலி. கலியாணமாகி இரண்டு வருசம். எங்களோடுதான் இருக்கிறாள், கராஜில்.

இந்த ஊரில் வாழை வைத்திருக்கிற தமிழ் வீடுகள் கனக்க இருக்கின்றன. அவர்கள் வாழையைச் சாடியில் வைத்து, கோடையில் வெளியே இழுத்து, பனி தொடங்க முன்னம் உள்ளே இழுப்பார்கள். எங்களுக்கு அது சரிவராது. தாலி கட்டின பிள்ளையைப் பார்த்து, சாடிக்குள் இருந்து குடும்பம் நடத்து என்று சொல்ல எந்த மாமிக்கு வாய் வரும்? கராஜின் சீமெந்துத் தரையை உடைத்து, நல்ல மண் போட்டு, அவளை அங்கேயே குடிவைத்தோம். வெளிச்சத்துக்காகக் கதவில் கண்ணாடி பூட்டினோம். கார் வெளியே பனியில் நிற்கும். கராஜ் முகட்டு மூலையில் ஒரு காஸ் ஹீற்றர் தொங்குகிறது. அது ஊதுகிற சூட்டில்தான் அவள் போன குளிர்காலத்தைத் தாண்டினாள்.

மகன் பிரணவனின் சாதகத்தில் செவ்வாய் கெட்ட இடத்தில் இருந்தது. முதல் தாரம் தங்காது, ஆனபடியால் முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிவிட்டு, பிறகு பெண்ணைக் கட்டட்டும் என்று சாத்திரியார் சொன்னார். டென்மார்க்கில் பெண்ணும் பேசி வைத்திருந்தோம். பிரணவன் தாலி கட்டினான். ஐயர் கத்தியைக் கையில் கொடுத்தார். அவன் கத்தியோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, “ஏலாது அம்மா, இவள் என்னைப் பாக்கிறாள்” என்றான். நானும் பார்த்தேன். மெய்தான், பார்த்துக்கொண்டுதான் நின்றாள். டென்மார்க்காரர் ஒரு கோடை முழுக்கப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். நல்ல சனம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதலில் எனக்கு அவளில் அவ்வளவு விருப்பம் இருக்கவில்லை. எந்தத் தாய்க்கு இருக்கும்? ஆனால் வாய் காட்டாத பிள்ளை, வைத்த இடத்தில் நிற்கிற பிள்ளை. அரிசி கழுவின தண்ணீரை ஊற்றினால் அப்படியே உறிஞ்சிக் குடிக்கும். இப்போது எனக்கு அவள்தான் பெண்பிள்ளை.

இந்தத் தை மாதம் அவள் பிள்ளைத்தாச்சி. தண்டு பருத்து, கழுத்துத் திரண்டு, கண்ணாடி இலையும் விட்டுவிட்டாள். குலைக்கு முன்னால் கடைசியாக வருகிற அந்தச் சின்ன இலையைக் கண்டால், பூப்பொத்தி இன்றைக்கோ நாளைக்கோ என்று அர்த்தம். அந்த நேரம் பார்த்துக் குளிர் பட்டால் பொத்தி கழுத்துக்குள்ளேயே இறுகிவிடும். பிறகு தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஹீற்றர் நின்றது.

காலையில் அரிசித் தண்ணீரோடு கதவைத் திறந்தேன். கராஜ் சத்தம் போடாமல் இருந்தது. வழக்கமாக உர்ரென்று ஊதிக்கொண்டிருக்கிற மூலையில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் மட்டும் வெட்டி வெட்டி மின்னியது. சுவரில் மாட்டின வெப்பமானி பதினைந்தில் நின்றது. வெளியே மைனஸ் இருபத்தாறு. “பிரணவன்!” என்று நான் போட்ட சத்தத்தில் அவன் ஒரு காலில் சப்பாத்தோடு ஓடி வந்தான். வந்தவன் ஹீற்றரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் போய்க் கட்டிப்பிடித்தான்.

“குளிருது அம்மா, தண்டு குளிருது.”

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஹீற்றரோடு வந்த புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவர் என்றால் என் மனிசன், சிவஞானம். வீடு பற்றி எரிந்தாலும் முதலாம் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். தேர்மோஸ்ரற் போட்டிருக்கா என்று பார்த்தார். போட்டிருந்தது. கரண்ட் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. காஸ் குழாயின் பிடி குழாயோடு ஒரே நீளத்துக்கு நிற்க வேண்டுமாம். நின்றது. புகை போகிற குழாயைப் பனி மூடியிருக்கலாம் என்று எழுதியிருந்ததால் தும்புத்தடியோடு வெளியே போய், குழாய் வாயைத் தட்டித் துப்புரவாக்கி, மீசையெல்லாம் வெள்ளையாகத் திரும்பி வந்தார்.

“இப்ப பத்தும்” என்றார்.

டிக், டிக், டிக் என்றது. நாங்கள் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பற்றவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டிக், டிக், டிக். பிறகு அதுவும் இல்லை, சிவப்பு வெளிச்சம் மட்டும்தான்.

நெருப்புத் தட்டுகிற சாமான் பழுதாக இருக்கும், தான் போய் வாங்கி வருகிறேன் என்று பிரணவன் காரை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது தன் குளிர்ச் சட்டையைக் கழற்றி அவளுடைய தண்டில் சுற்றிவிட்டுப் போனான். நான் என் கம்பளிச் சால்வையை அதற்கு மேலே சுற்றினேன். கரண்டில் போடுகிற சின்ன ஹீற்றர் ஒன்றைக் கீழே வைத்துப் பார்த்தோம். அது ஒரு இலையின் ஓரத்தைக் கருக்கிவிட்டு, வீட்டுக் கரண்டையும் கொண்டு போனது. இவர் போய்த் திரும்பப் போட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லமாட்டாள், அதுதான் எனக்குப் பயம். சொல்கிற பிள்ளை என்றால் எவ்வளவு நோகிறது என்றாவது தெரியும்.

காஸ் ரூபனைக் கூப்பிட்டோம். செல்வரூபன் என்பதுதான் அவனுடைய பெயர், ஆனால் இந்தப் பக்கத்தில் காஸ் வேலை முழுக்க அவன்தான் செய்வதால் எல்லாருக்கும் காஸ் ரூபன். வாய் கொஞ்சம் கூட. ஏணியில் ஏறும்போதே தான் எத்தனை பேருடைய உயிரைக் காப்பாற்றியவன் என்று சொல்லத் தொடங்கிவிட்டான். மூடியைக் கழற்றினான். ஒரு கம்பியை எடுத்து அரத்தாளால் தேய்த்தான். காஸ் வருகிறதா என்று அளந்தான். நெருப்புத் தட்டுகிற சாமான் பொறி விடுகிறதா என்று பார்த்தான். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, ஒரு தரம் போட்டுப் பார்த்தான். பற்றவில்லை. அவன் ஏணியிலேயே இருந்து யோசித்தான்.

“அன்ரி, மெசினிலை ஒரு பிழையும் இல்லை. காஸ் வருது, நெருப்புத் தட்டுது, காத்துப் போக வழி இருக்கு. ஆள் வேணுமெண்டுதான் பத்தாமல் நிக்கிறார்.”

“என்னடா தம்பி சொல்லுறாய்?”

“கலியாணம் இஞ்சை கராஜுக்குள்ளைதானே நடந்தது? இந்த ஹீற்றர் ஆர் பக்கம் நிண்டவர்?”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. தாரை வார்க்கிற நேரம் ஐயர், “பொம்பிளை பக்கம் ஆர்?” என்று கேட்டார். தோட்டக் கடையில் வாங்கின பிள்ளைக்கு ஆர் இருக்கினம்? ஐயர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு அண்ணாந்தார். முகட்டில் ஹீற்றர் ஊதிக்கொண்டிருந்தார். “உவர் நிக்கிறார்தானே, தமையன் முறை” என்று ஐயர் சொல்ல, ஒருவர் ஏணி வைத்து ஏறிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். தமையன் தாரை வார்த்துக் கொடுத்தார். சடங்கு குறையில்லாமல் நடந்தது.

“சரி, பேந்து?” என்றான் ரூபன்.

“பேந்து என்ன, எல்லாரும் வீட்டுக்குள்ளை போய்ச் சாப்பிட்டம்.”

“இலையிலையோ?”

“விசரே உனக்கு? அவளுக்கு முன்னாலை இலையிலை சாப்பிடுறதோ? கடதாசிக் கோப்பையிலைதான் சோறு போட்டது.”

“அதெல்லாம் வடிவா யோசிச்சிருக்கிறியள். தமையனைச் சாப்பிடக் கூப்பிட்டனீங்களோ?”

நான் இவரைப் பார்த்தேன். இவர் புத்தகத்தைப் பார்த்தார்.

“இது மனஸ்தாபம் அன்ரி” என்று சொல்லிக்கொண்டு ரூபன் ஏணியை மடித்தான். “மனஸ்தாபத்துக்கு என்னட்டைப் பார்ட்ஸ் இல்லை. போன மாசம் ஒரு வீட்டிலை அடுப்பு பெரியப்பா முறையிலை நிண்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப்போட்டினமாம். மூண்டு கிழமை பச்சைத் தண்ணிதான் அந்த வீட்டிலை.”

அவன் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டான். வெப்பமானி பன்னிரண்டுக்கு வந்தது. கதலியின் கீழ் இலை இரண்டும் நடுநரம்போடு மடியத் தொடங்கின. நான் அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டால் விழுந்துவிடும் போல் இருந்தது, விடவும் மனம் வரவில்லை.

“புது ஹீற்றர் ஒண்டு வாங்கிப் பூட்டுவம். பின்னேரத்துக்கிடையிலை வேலை முடியும்” என்றார் இவர்.

“உங்களுக்கு ஏதேன் கழண்டு போச்சோ? பிள்ளைப்பேறு நேரம் பாத்துத் தமையனைக் கழட்டிக் குப்பையிலை போட்டால் அவளுக்குச் செத்தவீட்டுத் துடக்கெல்லோ?”

அதை அவர் யோசிக்கவில்லை. யோசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார்.

ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எங்கேயோ ஒரு புது வீட்டுக் குடிபூரலில் நின்றார், பின்னால் மணிச் சத்தம் கேட்டது. மெல்லிய குரலில்தான் கதைத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“சாப்பாட்டுக்குக் கூப்பிடாதது ஒரு குறைதான், ஆனால் அதுக்குப் போன வருசமே நிண்டிருப்பர். இப்ப ஏன் நிக்கிறார்?” என்று கேட்டார் ஐயர். பிறகு அவரே, “பிள்ளைக்கு இது முதல் பேறோ?” என்றார்.

“ஓம் ஐயா.”

“எங்கை வைச்சுப் பாக்கிறியள்?”

“இஞ்சைதான். எங்கட வீட்டிலைதான்.”

“மாமியார் வீட்டிலையோ?”

நான் கராஜுக்கு இறங்குகிற படியில் அப்படியே இருந்துவிட்டேன். முதல் பிள்ளைப்பேறு தாய் வீட்டில். இது கூடவா எனக்குத் தெரியாது? பிரணவனுக்கு நான் ஏழு மாதமாக, இவர் வேலை பார்த்த ஊரில் இருக்கும்போதே என் ஐயாவும் தமையன்மாரும் வந்து நின்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் ஒரு தமையன் இருக்கிறார். ஒருத்தரும் தன்னிடம் கேட்காமல், தன் தங்கச்சியின் தலைப்பிள்ளைக்கு மாமியார் வீட்டில் தன்னையே சூடு காட்டச் சொன்னால் எந்தத் தமையன் சம்மதிப்பார்? நானென்றாலும் பற்றமாட்டேன்.

“அப்ப அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்ப வேணும்” என்றேன் தொலைபேசியில்.

“தாய் வீடு எது?”

தோட்டக் கடையின் பிளாஸ்ரிக் கொட்டில்கள் குளிர்காலத்தில் பனிக்குக் கீழே கிடக்கும். தாய் இல்லாவிட்டால் தமையன் வீடு. தமையனுக்கு வீடு இல்லை, அவர் எங்கள் முகட்டில் தொங்குகிறார்.

“அப்ப அவருக்கு ஒரு வீடு இருக்கவேணும்” என்று சொல்லிவிட்டு ஐயர் மணி அடிக்கப் போய்விட்டார்.

நான் இவரிடம் சொன்னேன். இவர் குதித்தார். “கராஜையோ? ஒரு ஹீற்றருக்கோ? கார் நிக்கிற இடத்தை?”

“கார் எப்ப உள்ளுக்கை நிண்டது, சொல்லுங்கோ பாப்பம்.”

“நாங்கள் மாப்பிள்ளை பக்கம், பவளம். அவை எங்களைத் தேடி வரவேணும். நாங்கள் போய் நிக்கிறதோ?”

அது எனக்கும் சுட்டது. பொய் சொல்லவில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஒருவர் வாசலிலும் போய்த் தலை குனிந்து நின்ற ஆட்கள் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்திலேயே நல்ல கதிரையாகப் பார்த்துத்தான் இருந்திருக்கிறேன். ஆனால் வெப்பமானி ஒன்பதில் நின்றது. தொலைபேசி அடித்தது, பிரணவன். மூன்று கடை ஏறி இறங்கிவிட்டானாம், அந்தச் சாமான் எங்கும் இல்லையாம். “அவள் எப்பிடி அம்மா?” என்றான். “இருக்கிறாள்” என்றேன். அவனுடைய மூச்சு அந்தப் பக்கத்தில் கேட்டது. நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குக் கௌரவமும் இல்லை, கோதாரியும் இல்லை.

கூறைப் பெட்டியைத் திறந்து நல்ல சீலை ஒன்றை எடுத்து உடுத்தேன். தட்டம் அடுக்கினேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சரை கற்கண்டு. பழம் என்று கை பழக்கத்தில் வாழைப்பழச் சீப்பைத் தூக்கிவிட்டேன். அந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோய் நீட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதைத் துணியால் மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, தோடம்பழமும் முந்திரிகைப் பழமும் வைத்தேன். நான் தலை வாரி முடிக்கிற நேரத்துக்குள் இவர் திருகாணி முடுக்கியை எடுத்து, குசினியிலிருந்து கராஜுக்குப் போகிற உள்கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி மற்றப் பக்கத்தில் பூட்டினார். இனி அது அவர்கள் பக்கத்திலிருந்துதான் பூட்டும். இவர் குதிப்பார், ஆனால் செய்ய வேண்டியதைச் செய்வார்.

சம்மந்தி வீட்டுக்குக் குசினிக் கதவால் போவது மரியாதை இல்லை. முன் கதவால் இறங்கினேன். சீலைக்குக் கீழே பனிச் சப்பாத்து. பக்கத்து வீட்டு மனோகரி பனி வழித்துக்கொண்டு நின்றாள்.

“எங்கை அக்கா வெளிக்கிட்டாச்சு?”

“சம்மந்தி வீட்டை.”

“ஆ, சரி சரி. வழுக்கும், பாத்துப் போங்கோ.”

நான் பார்த்துத்தான் போனேன். எங்கள் சொந்தக் கராஜ் கதவுக்கு முன்னால் போய் நின்று தட்டினேன். ஒருவரும் திறக்கவில்லை. காற்று சீலைக்குள்ளால் புகுந்தது. தட்டம் பிடித்த விரல்கள் முதலில் நொந்தன, பிறகு நோவும் இல்லாமல் போனது. கண்ணாடிக்குள்ளால் அவளுடைய நிழல் தெரிந்தது. சால்வை சரிந்து கிடந்தது. மேல் இலையும் மடியத் தொடங்கியிருந்தது. எனக்குக் குளிர்ந்தது போதாதென்று, அவளுக்குக் குளிர்கிறதே என்பதும் சேர்ந்து குளிர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

“தம்பி” என்றேன் கதவைப் பார்த்து. “நான் பிரணவன்ரை தாய் வந்திருக்கிறன். கலியாண நாளிலை உங்களைச் சாப்பிடக் கூப்பிடேல்லை. பிழைதான். நடந்து போச்சு. தங்கச்சிக்கு இது தலைப்பிள்ளை. எங்களோடை வைச்சிருக்கிறது முறையில்லை. உங்கட வீட்டிலை வைச்சுப் பாருங்கோ எண்டு கேட்கத்தான் வந்தனான்.”

பிறகு கதவு மோட்டார் உறுமியது. கதவு இடுப்பளவுக்கு உயர்ந்து, அங்கேயே நின்றது. பெண் வீட்டார் இப்படித்தான், ஒரேயடியாக இறங்கிவிட மாட்டார்கள். நான் தட்டம் சரியாதபடி பிடித்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனேன். எனக்குப் பின்னால் கதவு மூடியது.

தட்டத்தைப் பெயின்ற் வாளியின் மேல் வைத்தேன். இருக்கச் சொல்லவில்லை, ஆகையால் நின்றேன்.

“இது இனி உங்கட வீடு தம்பி. தாழ்ப்பாள் உங்கட பக்கம் இருக்கு. நாங்கள் தட்டிப்போட்டுத்தான் வருவம்.”

டிக், டிக், டிக். பற்றவில்லை. மறுபடியும் டிக், டிக், டிக். பற்றவில்லை.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. “இன்னும் என்ன வேணும்? கேட்டு வந்தன், குனிஞ்சு வந்தன், வீட்டைத் தந்திட்டன். பிள்ளை சாகப்போகுதடா தம்பி! உன்ரை தங்கச்சியெல்லோ!” என்று கத்திவிட்டேன். சம்மந்தி வீட்டில் அப்படிக் கத்தக்கூடாதுதான். வெளியே மனோகரிக்கும் கேட்டிருக்கும்.

அப்போது மேலே இருந்த குழாய் மூட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் தோளில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்தவள் நின்றபடி கதைத்துவிட்டுப் போவதா? கை நனைக்காமல் போவதா? நாங்கள் அவருக்குச் சாப்பாடு போடாதது ஒரு பக்கம், அவர் வீட்டில் எங்கள் வாயில் ஒன்றும் படாதது மற்றப் பக்கம். அவரிடம் இருந்தது அதுதான். இருக்கிறதைத் தருகிறார்.

நான் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சொட்டாக விழுந்தது. உள்ளங்கை நிறைய நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுக்க நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவளும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்தேன். கரியும் துருவும் கலந்த தண்ணீர், பல் கூசியது. “நல்லாயிருக்கு தம்பி” என்றேன்.

புஸ் என்றது. நீலமாகப் பற்றியது.

நான் நிலத்தில் இருந்து அழுதேன். வாய்விட்டுத்தான் அழுதேன். சூடு முதலில் என் உச்சியில் பட்டது, பிறகு அவளுடைய இலைகளுக்குப் போனது. தொலைபேசியை எடுத்துப் பிரணவனுக்கு, “பத்திட்டார்” என்று ஒரு சொல் சொன்னேன். அவன் எங்கேயோ ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் நின்று குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். பிறகு எவனோ பின்னால் ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டது.

பின்னேரம் வெயில் சரியும்போது பொத்தி வந்தது. முதலில் கழுத்தில் ஒரு சிவப்பு நுனி. பிறகு ஒரு கைப் பருமன். பிரணவன் வந்து சேரும்போது பொத்தி முழுக்க வெளியே வந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேல் மடல் ஒன்று தானாக எழும்ப, உள்ளே பிஞ்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. எத்தனை என்று நான் எண்ணவில்லை, எண்ணினால் கண்ணூறு. பிரணவன் எண்ணப் போனான், கையில் ஒரு தட்டுத் தட்டினேன். தாய் மாமன் மேலேயிருந்து மெல்லிதாக ஊதிக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டில் கனநேரம் நின்று கரைச்சல் கொடுக்கக் கூடாதென்று நான் சொல்லிக்கொண்டு வெளிக்கிட்டேன். இந்த முறை கதவு முழுக்கத் திறந்தது.

வீட்டில் இவருக்கு நடந்ததைச் சொல்லிச் சொல்லி இரண்டு தரம் தேத்தண்ணீர் போட்டேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். பிரணவன் முன் கதவால் வந்தான். முகம் கழுவினான். மேலே போனான். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்துக் கறுப்புச் சூட்கேசோடு படியிறங்கி வந்தான்.

“எங்கையடா?” என்றேன். கேட்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

எங்களுடைய ஆட்களில் பெண்தான் வீட்டோடு இருப்பாள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். இவரும் அப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார். இவருடைய தாய் சைக்கிளுக்குப் பின்னால் ஒழுங்கை முடியும் வரைக்கும் நடந்து வந்தாவாம். கதலிக்கு வீடு இல்லாத வரைக்கும் பிரணவன் என்னோடு இருந்தான். இன்றைக்கு மத்தியானம் அவளுக்கு வீடு கொடுத்தது நான்தான். தட்டம் கொண்டு போய், குனிந்து, கேட்டுக் கொடுத்தேன். அந்த அவதியில் இந்தக் கணக்கு ஒன்றும் என் தலைக்குள் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் ஏறியிருந்தால், காலையிலேயே அவனை ஒருதரம் வடிவாகப் பார்த்திருப்பேன்.

“மச்சான் இருக்கச் சொல்லிப்போட்டார் அம்மா” என்றான்.

“சாப்பிட்டிட்டுப் போவன்.”

“அங்கை பாப்பன்.”

இவர் எழும்பி நின்று சூட்கேசை வாங்கிக் கதவடி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனார். “போட்டு வாறன் அம்மா” என்று பிரணவன் சொன்னான். உள்கதவு மூடியது. அந்தப் பக்கத்தில் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு நான் வழக்கம்போல மூன்று கோப்பை எடுத்து வைத்தேன். இவர் அதில் ஒன்றைச் சத்தம் கேட்காமல் திரும்ப வைத்தார்.

உடனே போய் நிற்பது அழகில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தண்ணிக்கு அரைத்த மருந்தும் கொஞ்சம் தோடம்பழமும் தட்டத்தில் வைத்துக்கொண்டு, முன் கதவால் இறங்கி, வழுக்காமல் நடந்து போய்த் தட்டினேன். உடனே திறந்தது. உள்ளே நல்ல சூடு. பிஞ்சுகள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தன. கதலியின் இலைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. பிரணவன் அவளுக்குப் பக்கத்தில், சப்பாத்தில்லாமல், கணுக்கால் வரைக்கும் மண்ணுக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

“வாங்கோ அம்மா, இருங்கோ” என்றான். மெலியவில்லை. நிறம் கொஞ்சம் மாறியிருந்தது.

“சாப்பிட்டியோ அப்பு?”

“தண்ணி குடிச்சனான்.”

சேட்டு கசங்கியிருந்தது, யார் அங்கே மினுக்கிக் கொடுக்கப் போகிறார்கள். கொலருக்குள்ளால், கழுத்துக்குப் பின்பக்கம், சுருண்டபடி ஒரு இளம்பச்சைக் குருத்து வந்திருந்தது. கொலர் அதை அமத்திக்கொண்டிருந்தது. நான் தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, குருத்துக் கிழியாதபடி கொலரை மெல்ல மடித்துவிட்டேன்.